ஷெங்கன் விசா கையில் இருந்தால் போதுமா? ஐரோப்பா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸில் அக்கா வீடு, லண்டனில் சித்தப்பா வீடு. ஒரே பயணத்தில் இரண்டு வீட்டுக்கும் போய்வந்துவிடலாம் என்று ஷெங்கன் விசா கிடைத்த கையோடு யூரோஸ்டார் ரயிலுக்கும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாதான் ஷெங்கன் விசா என்றாலும், அது பிரிட்டனில் செல்லாது. அதற்குத் தனி விசா வேண்டும்.

சரி, அதையும் வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் ஷெங்கன் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று காட்டும் சின்ன இடம் ஒன்று இருக்கும். அங்கே 01 என்று இருந்தால், லண்டனுக்குக் கிளம்பியதோடு அந்த விசாவின் வேலை முடிந்தது. மறுபடி பாரிஸுக்கு வர முடியாது. திரும்பும் ரயிலில்கூட ஏற முடியாது. பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். சென்னைக்கு விமானம் பாரிஸிலிருந்து என்றால் பெரும் அவதிதான். அதனால் விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தைக் காட்டிப் பலமுறை நுழையும் விசாவைக் கேளுங்கள்.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: ஐரோப்பா முழுவதையும் ஒரே அமைப்பாக நினைப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். ஷெங்கன் பகுதியில் 29. இரண்டும் ஒரே பட்டியல் அல்ல. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் நேர்மாறு. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில்தான் முழுமையாக ஷெங்கனுக்குள் வந்தன. பழைய பயணக் குறிப்புகளை நம்பினால் இங்கேயும் தவறிவிடுவோம்.

அடுத்த தவறும் அதே விசாத் தாளில்தான் இருக்கிறது. ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை செல்லும் என்று தேதி போட்டிருக்கும். தங்கும் நாட்கள் 15 என்று தனியாக இருக்கும். பலர் முதல் வரியை மட்டும் பார்க்கிறார்கள். பயணத் தேதி தள்ளிப்போனால் சமாளிக்கத்தான் அந்தக் கூடுதல் நாட்கள். தங்குவதற்கு 15 நாட்களே. ஜூன் 1 இரவு 11 மணிக்கு பிராங்ஃபர்ட்டில் இறங்கினாலும் அது முதல் நாள்தான். கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஆக, ஜூன் 15க்குள் வெளியேறிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கான விசா வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு உண்டு. எந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாட்களை எண்ணினாலும், உள்ளே இருந்தது 90 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒருநாள் வெளியே போய்வந்தால் புதுக் கணக்கு தொடங்கும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். முன்பு அதிகாரி முத்திரைகளைப் பார்த்து எண்ண வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணுப் பதிவு முறையில் கணினியே எண்ணிவிடும்.

எந்தத் தூதரகத்தில் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பிப்பதும் தவறு. அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும்; எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம்.

அப்புறம் பணமும் போனும். மிலனில் வாங்கிய சிம் ஒன்றியம் முழுக்க வேலை செய்யும். ஆனால் ரயில் சுவிஸ் எல்லையைக் கடந்ததும் ஒன்றியத்தின் ரோமிங் விதி உங்களைக் காப்பாற்றாது. தனிக் கட்டணம் ஏறலாம். சில நிறுவனங்கள் சுவிட்சர்லாந்தையும் சேர்த்தே தருகின்றன, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். யூரோவும் எல்லா இடத்திலும் பொதுப் பணம் அல்ல. போலந்திலும் செக் குடியரசிலும் வேறு நாணயம். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அநியாயத்துக்கு இழப்பீர்கள்.

செய்திகளைப் படிக்கும்போதும் இதே குழப்பம் வருகிறது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தின் கிளை என்று எழுதுகிறார்கள். அது 1949ல் தொடங்கிய ஐரோப்பிய மன்றம் என்ற வேறொரு அமைப்பைச் சேர்ந்தது. அதில் துருக்கி உட்பட 46 நாடுகள் உண்டு. 12 நட்சத்திர நீலக் கொடியையும் 1955ல் முதலில் ஏற்றுக்கொண்டது அந்த மன்றம்தான். நட்சத்திரங்களுக்கும் உறுப்பு நாடுகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.

நம்மவர்கள் இதைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இலங்கைத் தமிழர் ஒருவரை பிரிட்டன் திருப்பி அனுப்பினால் அது மனித உரிமை மீறலாகும் என்று 2008ல் தீர்ப்பளித்தது இந்த நீதிமன்றம். 2020ல் பிரிட்டன் விலகியது ஒன்றியத்திலிருந்து மட்டுமே. மன்றத்தில் அது இன்னமும் உறுப்பினர். பிரிட்டனில் இருப்பவர்கள் உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லா வழிகளையும் முயன்ற பிறகு இன்றும் ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போகலாம்.