மேட்டுப்பாத்தியில் கெமோமைல்: விதையிலிருந்து டீ வரை

விதை வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். கெமோமைல் என்பது சாமந்தி வகைச் செடி, பூவைக் காயவைத்து டீ போடுவார்கள். அதில் ஜெர்மன், ரோமன் என்று இரண்டு வகை உண்டு. ரோமன் தரையோடு படர்ந்து பல வருஷம் இருக்கும், ஆனால் பூ குறைவு. டீக்கு வேண்டியது ஜெர்மன்தான். இரண்டடி உயரம் வளர்ந்து, ஒரே பருவத்தில் பூத்துக் கொட்டிவிட்டுக் காய்ந்துவிடும்.

இது குளிர் கேட்கும் செடி. வட இந்தியாவில் அக்டோபர், நவம்பரில் விதைப்பார்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை கொட்டும், ஒரே மழையில் விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் தட்டில் நாற்று விட்டு மழை தணிந்ததும் பாத்திக்கு மாற்றுவது நல்லது. கனடா, இங்கிலாந்து பக்கம் இருப்பவர்கள் வசந்தத்தில் உறைபனி நின்றதும் நேரடியாகவே விதைக்கலாம்.

பாத்தி நான்கு அடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். உயரம் முக்கால் அடி முதல் ஒரு அடி. இரண்டு பங்கு தோட்டத்து மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல், போதும். உரத்தை அள்ளிக் கொட்டினால் தழைதான் மண்டும், பூ வராது.

இனி விதைப்பு, பலரும் சொதப்பும் இடம் இதுதான். விதை தூசி மாதிரி இருக்கும், ஊதினால் பறந்துவிடும். ஒரு கை காய்ந்த மணலோடு கலந்து, ஈரமான மண் மேல் பரவலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அவ்வளவுதான், மேலே மண் போட்டு மூடவே கூடாது, ஏனென்றால் இது முளைக்க வெளிச்சம் வேண்டும். பூவாளி வேண்டாம், ஸ்ப்ரேயரில் தெளித்து மேல்மண் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். விரல் உயரம் வந்ததும் 20 செ.மீ.க்கு ஒன்றாக விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

அப்புறம் பெரிய வேலை இல்லை. மேல்மண் காய்ந்தால் தண்ணீர். அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், குடிக்கப்போகும் பூவில் மருந்து எதற்கு?

எட்டு பத்து வாரத்தில் பூக்கும். வெள்ளை இதழ்கள் தட்டையாக விரிந்திருக்கும்போது, காலையில் பனி காய்ந்ததும், விரல்களைச் சீப்பு மாதிரி விட்டுப் பூவை மட்டும் உருவுங்கள். இதழ் கீழே தொங்கிவிட்டால் பருவம் தாண்டிவிட்டது, அதை விதைக்கு விடலாம், அடுத்த பருவத்தில் தானாகவே முளைக்கும். பறிக்கப் பறிக்கப் புதுப் பூ வரும். பறித்ததை நிழலில் துணி மேல் ஒரு வாரம் பரப்பி, நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததும் பாட்டிலில் போடுங்கள்.

ஒரு கப் வெந்நீருக்கு இரண்டு டீஸ்பூன் பூ, ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள். சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் அலர்ஜி தரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.