மூணாறு பனியில் வெளியே படுக்கும் நாய் பூனைக்கு உதவப் போகிறீர்களா?

செண்டுவாரை, லட்சுமி, குண்டளை தேயிலை எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜனவரியில் விடியக்காலை புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், சில நாள் குளிர் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும். லயத்து, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், நாய்களும் பூனைகளும் ராத்திரி முழுக்க வெளியேதான். உதவ வருகிறவர்கள் முதலில் தூக்கிவருவது பழைய கம்பளியும் சாக்கும். நல்ல மனசுதான், ஆனால் தயவுசெய்து அதை வெளியே விரிக்காதீர்கள். துணி ஈரத்தைக் குடித்துச் சில்லிட்டுப்போகும், மேலே படுத்த உயிரின் உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். வேண்டியது காய்ந்த வைக்கோல். இங்கே மாடு வைத்திருப்பவர்கள் வாங்கி வைத்திருப்பார்கள், ஒரு கட்டு கேட்டால் தருவார்கள்.

பூனைக்கு மீன்கடைத் தெர்மாகோல் பெட்டி போதும். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு ஓட்டை போடுங்கள். அது அடியிலிருந்து நாலு விரல் மேலே இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. மூடியை டேப் ஒட்டி, பாதிக்கு மேல் வைக்கோல் திணித்து, நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல். நாய் தெர்மாகோலைக் கடித்துக் குதறிவிடும், அதற்குப் பலகைப் பெட்டிதான். பெரிசாகச் செய்யாதீர்கள், சுருண்டு படுக்கவும் திரும்பவும் இடம் இருந்தால் சரி, காலி இடம் கூடினால் உடம்புச் சூடு பெட்டியை நிரப்பாது.

எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. உறைபனி விழுவது வானம் தெளிந்து காற்று அசையாத ராத்திரிகளில். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் தேங்கும். அதனால் பள்ளம் வேண்டாம், மேட்டில், கூரை இறவாணத்துக்குக் கீழே வையுங்கள். மரத்தடியில் நிற்கும் ஜீப்பைவிட வெட்டவெளியில் நிற்கும் ஜீப்பில்தானே பனி அதிகம்? அதே கணக்கு. பெட்டியின் வாசல் சுவரைப் பார்த்து இருக்கட்டும். ஆள் நடமாட்டமும் லைட்டும் உள்ள இடமாகப் பாருங்கள், சிறுத்தை வரும் ஊர் இது; அதனாலேயே ராத்திரி நாயைக் கட்டிப்போட வேண்டாம் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டி, இருட்டுவதற்குள் போட்டு, மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் காட்டுப்பன்றி வந்துவிடும்.

லயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாள் எல்லோரும் கொழுந்தெடுக்கப் போயிருப்பார்கள். "அக்கா, இந்தப் பெட்டிய இங்க வெச்சுக்கவா, வைக்கோல் மாத்த நாங்களே வர்றோம்" என்று கேட்டுவிட்டு வையுங்கள், சொன்னபடி போகவும் செய்யுங்கள். கை விட்டுப் பார்த்து வைக்கோல் நசநசவென்றிருந்தால் மொத்தமாக மாற்றுங்கள். பெட்டிக்குள் கரிச்சட்டி வைக்கிற யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுங்கள், கரியிலிருந்து வரும் விஷவாயுவே கொன்றுவிடும். பழக்கமில்லாத நாயைத் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிஷம் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், விறைத்துக் கிடக்கும் குட்டி கிடைத்தால் வாயில் பாலை ஊற்றவே கூடாது. உடம்பு சில்லிட்டிருக்கும்போது பால் செரிக்காது, மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், குட்டி அசைந்து தானாக முட்ட ஆரம்பித்த பிறகுதான் பால், அதுவும் தாய் பக்கத்தில் இருந்தால் தாயிடமே. அசையவே இல்லையென்றால் அதே துணியோடு மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.