பட்டியலை மூடிய பிறகு ஒரு டிரம்மைக்கூட நகர்த்தாதீர்கள்

அணுப்பொருள் எதுவும் ஆயுதத்துக்குத் திருப்பப்படவில்லை என்று உறுதிசெய்ய வரும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுக்குப் புதிதாகத் தயாராகிறவர்களைப் பார்க்கும்போது, பல வருடம் முன்பு நான் செய்த தப்பே திரும்ப நடக்கிறது. கூட்டல் பிழை, விடுபட்ட கையெழுத்து எல்லாம் நீங்களே பிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டியலுக்குப் பின் "ஒழுங்குபடுத்துவது"

ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்கு முந்தைய நாள். உற்பத்தியை நிறுத்தி, ஒவ்வொரு யுரேனிய டிரம்முக்கும் அடையாள எண், எடை, செறிவு (யுரேனியம்-235 எத்தனை சதவீதம்), இருக்கும் இடம் எல்லாம் எழுதிப் பட்டியலை மூடியாயிற்று. ஆய்வாளர்கள் நடக்க வழி வேண்டுமே என்று, பாதையில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு டிரம்களை உள்ளே தள்ளச் சொன்னேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் அவற்றுக்கு இடம் செய்ய இன்னும் மூன்றை மாற்றி வைத்தார். யாரும் எழுதி வைக்கவில்லை.

மறுநாள் ஆய்வாளர் பட்டியலில் சில வரிகளைப் பொறுக்கி எடுத்தார். முதல் வரி சொன்ன இடத்தில் வேறு எண் இருந்தது. "மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது" என்றேன். அவர் ஏற்கவில்லை, ஏற்கவும் கூடாது. புளூட்டோனியம் என்றால் 8 கிலோ, குறைந்த செறிவு யுரேனியத்தில் யுரேனியம்-235 என்றால் 75 கிலோ காணாமல் போனாலே, அணுகுண்டு செய்யும் வாய்ப்பை ஒதுக்க முடியாத அளவு என்று முகமை கருதும். அப்படிப்பட்ட கணக்கில் டிரம் எத்தனை என்பது மட்டும் போதாது, எது எங்கே என்பதும் வேண்டும். ஒரு வரி தப்பியதும் மற்ற வரிகள் மேலும் நம்பிக்கை போய்விட்டது. வரிசை முழுவதையும் திரும்பச் சரிபார்த்தோம். நிறுத்திய உற்பத்தி இன்னும் இரண்டு நாள் நின்றது.

இன்றும் ஆய்வுக்கு முந்தைய நாள் யாராவது கிடங்கில் ஃபோர்க்லிஃப்டை எடுத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சுத்தம் செய்வதை இருப்பு எடுக்கும் முன்பே முடியுங்கள். அப்புறமும் நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், அணுப்பொருள் கணக்கு அலுவலரிடம் முதலில் சொல்லுங்கள். பட்டியலைத் தேதி, நேரத்தோடு திருத்திய பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும்.

சீல்

முகமை போட்ட சீலைத் தொடாதீர்கள். தெரியாமல் அறுந்துவிட்டால் அந்த நிமிடமே தெரிவியுங்கள்.

கேமராவும் விளக்கும்

பல்பு மாற்ற மின்சாரத்தை நிறுத்துகிறவருக்கு, முகமையின் கண்காணிப்புக் கேமராவும் அதே லைனில் இருப்பது தெரியாது. படம் விட்டுப்போனால், அங்கே இருந்த சரக்கை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

எரிபொருள் குளம்

பயன்படுத்திய எரிபொருள் தண்ணீருக்குள் தரும் நீல ஒளியை (செரன்கோவ் ஒளி) ஆய்வாளர் பார்க்கத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், விளக்கை அணைக்கவும் சொல்லலாம். சுவிட்ச் யார் பொறுப்பில் என்று முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.

மாத அறிக்கை

இருப்பில் வந்த மாற்றங்களின் அறிக்கை, மாதம் முடிந்த 30 நாளுக்குள் முகமைக்குப் போக வேண்டும். அது அரசு வழியாகப் போவதால் உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

சாவி

முகமைக்குக் கூடுதல் இடங்களைப் பார்க்க உரிமை தரும் ஒப்பந்தமான கூடுதல் நெறிமுறையின் கீழ் வழக்கமாக 24 மணி நேர முன்னறிவிப்பு வரும். ஆய்வு நடக்கும் வளாகத்திலேயே இன்னொரு கட்டடத்தைக் கேட்டால் 2 மணி நேரம்தான். எல்லாக் கட்டடத்துக்கும் இரண்டாவது சாவி எங்கே என்று இன்றே பாருங்கள்.