செயிண்ட் லூசியாவுக்கு டிக்கெட் போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்போர்ட், சன்ஸ்கிரீன், கொசு மருந்தெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரீபியன் தீவான செயிண்ட் லூசியாவில், கடலிலிருந்து நேராக எழும் இரண்டு பிட்டன் மலைகளின் படத்தைப் பார்த்து மயங்கிக் கிளம்புகிறவர்கள் வருடா வருடம் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

தங்குமிடம் முதலில், விமான நிலையம் அப்புறம்

இதுதான் பணத்தையும் நாளையும் சேர்த்துத் தின்னும் தவறு. இன்னும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். தீவின் நீளம் சுமார் 43 கிலோமீட்டர். "இவ்வளவுதானே, எங்கே தங்கினால் என்ன?" என்று வடக்கே ரோட்னி பேயில் ரூம் போட்டுவிடுகிறார்கள். லண்டன், மயாமி விமானங்கள் இறங்கும் ஹெவனோரா விமான நிலையம் தெற்கு முனையில், வியூ ஃபோர்ட்டில் இருக்கிறது. நடுவில் முழுக்க மலை, வளைவுக்கு மேல் வளைவு. காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும், மழையென்றால் கூடுதல். பிட்டன்களோ தென்மேற்கில், சூஃப்ரியேர் ஊருக்குப் பக்கத்தில். மலை பார்க்க வந்தவர் தினமும் காரிலேயே கிடக்கிறார்.

இதே தவறில் இன்னொரு வகையும் உண்டு. தலைநகர் காஸ்ட்ரீஸை ஒட்டி வீஜியில் இரண்டாவது விமான நிலையம். ஓடுபாதை குட்டை என்பதால் தீவுகளுக்கிடையே பறக்கும் சின்ன விமானங்கள்தான் அங்கே வரும். லண்டனிலிருந்து ஹெவனோராவில் இறங்கி, இரண்டு மணி நேரத்தில் வீஜியிலிருந்து அடுத்த தீவுக்கு டிக்கெட் போட்டிருந்தால், அந்தப் பணம் போனதுதான். யூ.வி.எஃப் என்றால் ஹெவனோரா, எஸ்.எல்.யூ என்றால் வீஜி. டிக்கெட்டில் அந்த மூன்றெழுத்தைப் பாருங்கள்.

இறங்கியதும் சூஃப்ரியேரில் மூன்று இரவு, பிறகு வடக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை இரவு வடக்கில் இருந்தால் க்ரோ ஈலே ஊரின் தெருக் கொண்டாட்டமும் கிடைக்கும். திரும்புவதும் ஹெவனோரா வழிதான் என்றால் வடக்கை முதலில் முடித்துவிடுங்கள்.

"வெறும் டிரான்சிட்தானே"

இந்திய பாஸ்போர்ட்டில் மயாமி வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

எந்த டாலர் என்று கேட்காதது

உள்ளூர்ப் பணம் கிழக்குக் கரீபியன் டாலர். 1 அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் கட்டிவைத்த விலை. டாக்ஸியில் மீட்டர் கிடையாது. "நூறு" என்றால் எந்த நூறு? ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

க்ரோ பிட்டனை மதியம் ஏறுவது

இரண்டு பிட்டன்களில் உயரமானது இது, 798 மீட்டர். உள்ளூர் வழிகாட்டியோடு காலை 7 மணிக்குள் கிளம்ப வேண்டும், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். பெட்டி பிட்டன் 743 மீட்டர்தானே என்று அந்தப் பக்கம் போகாதீர்கள், அது இன்னும் செங்குத்து.

மழைக்கு மரத்தடி

கடற்கரையில் குட்டிப் பச்சை ஆப்பிள் போலக் காய்த்திருந்தால் அது மான்சினீல் என்ற விஷ மரம். மழைநீரோடு அதன் பால் சொட்டினாலே தோல் கொப்பளிக்கும். காயைக் கடித்தால் ஆஸ்பத்திரிதான்.

கமோஃபிளாஜ் உடை

ராணுவ உடை போலத் திட்டுத்திட்டான டிசைனுக்குச் சட்டப்படி தடை. குழந்தைகளின் டிரவுசரையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கிழக்குக் கரையில் நீச்சல்

வேண்டாம். அது அட்லாண்டிக் பக்கம், அலை முரடு. குளிக்க மேற்குக் கரைக்கு வாருங்கள்.