சாரல் காலத்தில் ஒரு ராத்திரி: செங்கோட்டையிலிருந்து தென்மலை வரை

போன ஆடி மாதம் டொராண்டோவிலிருந்து வந்த அக்கா மகன், தன் முதுகுப் பையைத் தென்காசி வீட்டுத் திண்ணையில் கவிழ்த்தான். கூடாரம், சின்ன அடுப்பு, தூங்கும் பை, அப்புறம் உள்ளங்கை அளவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கருவி. "சிக்னல் இல்லாத காட்டில் இருந்தாலும் இதில் மெசேஜ் போகும் மாமா" என்றான். எனக்குப் பகீரென்றது. செயற்கைக்கோள் போனோ, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ, அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போடுவார்கள். அவன் தப்பியது அதிர்ஷ்டம். நீங்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். டிரோனும் வேண்டாம்.

கூடாரமும் தேவைப்படாது. கனடாவிலும் இங்கிலாந்திலும் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் உறைக்க வேண்டும்: செங்கோட்டையிலிருந்து கேரளத்தில் இருக்கும் தென்மலை வரை நாம் தாண்டப்போகும் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் நினைத்த இடத்தில் கூடாரம் அடித்துப் படுக்க முடியாது. காடு வனத்துறையுடையது, ராத்திரி யானையுடையது. இரவில் காட்டுக்குள் தங்க வேண்டுமென்றால் வனத்துறை தரும் இடத்தில், வனத்துறை ஆளோடு தங்கலாம். இல்லையென்றால் ஊருக்குள் அறை எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. பை சின்னதாக இருந்தால் போதும்.

எப்போது வருவது? ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டும்போது, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் தூறலும் இந்தப் பக்கம் வழிந்து வரும். அதைத்தான் சாரல் என்கிறோம். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருவது வசதி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். குற்றாலம், செங்கோட்டை, ஆரியங்காவு எங்கும் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. மார்ச், ஏப்ரலில் வந்தால் அருவியில் பாறையைத்தான் பார்ப்பீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்க மதுரையும் திருவனந்தபுரமும் தோதான விமான நிலையங்கள். சென்னையில் இறங்குபவர்கள் எழும்பூரில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி, செங்கோட்டை வந்துவிடலாம்.

தங்கும் விடுதி விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். 'பாரம் சி' என்பார்கள். சின்ன விடுதிகள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை, அல்லது வம்பு எதற்கு என்று நினைக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு உறவுக்காரப் பையனை, முன்பணம் வாங்கிய விடுதியிலேயே ராத்திரி ஒன்பது மணிக்கு, "ஃபாரின் பாஸ்போர்ட்டா? சாரி தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். முகம் தமிழ் முகமாக இருப்பதால் போனில் யாரும் கேட்பதில்லை. நீங்களே முந்திக்கொண்டு கேட்டுவிடுங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் அசலைக் கையில் வைத்திருங்கள். 2021 மார்ச் அறிவிப்பின்படி தேசியப் பூங்கா, வனவிலங்கு சரணாலயம் போன்றவற்றில் ஓசிஐ அட்டைக்காரருக்கு இந்தியருக்கான கட்டணம்தான். கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். சண்டை போடாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, இரண்டு நாள் பயணத்தில் முதல் நாள். செங்கோட்டையிலிருந்து ரயிலில் போனாலும் சரி, பஸ்ஸில் போனாலும் சரி, மலையைத் தாண்டுவதே ஒரு காட்சி. நான் ரயில் கட்சி. இந்த மலைப்பாதை 1904-ல் திறந்தது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-ல் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி முழுதாக ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. பகவதிபுரம் தாண்டியதும் மலையைக் குடைந்த நீளமான குகை. நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வரும்போது கேரளம். அதன்பிறகு வண்டி ஊர்ந்துதான் போகும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. பகலில் போகும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். பாலருவி எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது இந்த மலையை நடு ராத்திரியில் கடக்கிறது. அருவியின் பெயரை வைத்துவிட்டு இருட்டில் ஓட்டுகிறார்கள்!

பஸ்ஸில் போனால் புளியரை வளைவுகளும், எல்லையில் கோட்டைவாசல் கருப்பசாமியும் கிடைப்பார்கள். டிரைவர்கள் அங்கே காசு போட்டுக் கும்பிடாமல் போவது அபூர்வம்.

ஆரியங்காவில் இறங்கினால் பாலருவி. ரோட்டோரம் சீட்டு வாங்கினால் வனத்துறை வண்டியிலேயே உள்ளே கூட்டிப் போகிறார்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறை மேல் சிதறி இறங்கும்போது நிஜமாகவே பால் ஊற்றியது போலத்தான் இருக்கும். பக்கத்தில் திருவிதாங்கூர் ராஜாக்கள் காலத்துக் கல்மண்டபமும் குதிரை லாயமும் இடிந்து கிடக்கின்றன. மழை அதிகமானால் அடைத்துவிடுவார்கள். அதனால் காலையிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நாங்கள் போன அன்று அருவி ஓரத்தில் ஒரு வனத்துறை வாட்சர், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாறை மேல் நின்றிருந்தார். அருவியைப் பார்க்கவே இல்லை, காலடியில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைக்கு மேல் வெயில். திடீரென்று விசில் ஊதினார். "எலையும் சுள்ளியும் வருது, ஏறு, ஏறு!" நாங்கள் துண்டை எடுத்துக்கொண்டு மேலே வந்து திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. என் மருமகன் செருப்பு வைத்திருந்த பாறையைக் காணவில்லை. செருப்பையும்தான்.

இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதே இல்லை, மேலே மலையில் பெய்தால் போதும். தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சலின் சுருதி மாறினால், அந்த நொடியே கரை ஏறுங்கள். 2024 மே மாதம், சீசனே தொடங்காத நேரத்தில், பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு 17 வயதுப் பையனைக் கொண்டுபோய்விட்டது. விசில் ஊதினால் இன்னும் ஒரு செல்பி என்று நிற்காதீர்கள்.

ஆரியங்காவிலிருந்து தென்மலை வரை கழுதுருட்டி ஆறு, ரோடு, ரயில் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே இறங்குகின்றன. கழுதுருட்டியில் ரோட்டோரமாகவே நிற்கிறது பதின்மூன்று கண் பாலம். கல் தூண்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு ரயிலை இந்தப் பள்ளத்தின் மேல் கொண்டுபோக என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று புரியும். படம் எடுக்கத் தண்டவாளத்தில் ஏறாதீர்கள், அது ஓடும் பாதை.

ராத்திரிக்குத் தென்மலை. 1984-ல் அறிவிக்கப்பட்ட செந்துருணி வனவிலங்கு சரணாலயம் இங்கேதான். செங்குறிஞ்சி மரத்தால் வந்த பெயர். வனத்துறையே காட்டுக்குள் தங்குமிடம், நடை, கூட வர ஆள் எல்லாம் சேர்த்து ஏற்பாடு செய்கிறது. நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது. இருட்டின பிறகு தனியாக ரோட்டில் நடக்காதீர்கள்.

அட்டைப்பூச்சிக்குப் பயப்பட வேண்டாம், அருவருப்பு மட்டும்தான். உப்பும் புகையிலைத் தூளும் ஒரு துணியில் முடிந்து, நனைத்து, ஷூவிலும் முழங்காலுக்குக் கீழேயும் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காமல் உப்பை வையுங்கள், தானே விழும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பதறாதீர்கள்.

தென்மலையிலிருந்து குளத்துப்புழை பக்கம் டீக்கடையில் உட்கார நேர்ந்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக 1976-ல் அமைத்த அரசு நிறுவனத்தின் ரப்பர் தோட்டங்கள் இங்கே இருக்கின்றன. கண்டியையும் ஹட்டனையும் சொந்த ஊராகச் சொல்லும் குடும்பங்கள் ரப்பர் மரத்துக்கு நடுவில் வாழ்கின்றன. வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வரும் நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாது. அருவியை விட எனக்கு மனதில் நிற்பது அந்தப் பெஞ்சில் கேட்ட பேச்சுதான்.

இரண்டாம் நாள் காலையில் தென்மலை அணையைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து மலை இறங்கிக் குற்றாலம் வந்துவிடலாம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். பேரருவியில் தண்ணீர் நேரே தலையில் விழுவதில்லை. பாதி உயரத்தில் பாறையில் ஆழமான கிடங்கு ஒன்று, பொங்குமாங்கடல் என்று பெயர். அதில் விழுந்து வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அது மட்டும் இல்லையென்றால் யாரும் அடியில் நிற்க முடியாது. குளிக்கும்போது முதலில் தோளைக் கொடுங்கள், அப்புறம் முதுகு, கடைசியில் தலை. சோப்பு, ஷாம்பு கூடாது. மேலே செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் இஷ்டத்துக்கு ஏற முடியாது, வனத்துறை தடை உண்டு. காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள்.

குளித்த பசிக்குப் பிரானூர் பார்டர். புரோட்டாவும் கோழியும். எல்லை கோட்டைவாசலில் இருக்க, இங்கே எதற்குப் பார்டர் என்று மருமகன் கேட்டான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம். மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை இங்கே வந்தது, எல்லை மலை மேல் போனது, பெயர் மட்டும் கடைகளோடு இங்கேயே தங்கிவிட்டது. சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம் வைத்திருங்கள். உங்கள் வெளிநாட்டு கார்டை அங்கே யாரும் சீண்ட மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பும் முன் ஷூவைக் கழுவிக் காயவையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்களுக்கு இது கட்டாயம். மண் ஒட்டிய ஷூவை அங்கே விமான நிலையத்தில் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். இடுக்கில் புகுந்த சேற்றை எடுக்கப் பழைய டூத்பிரஷ் நல்லது.