விண்டோஸில் கோப்புறை உருவாக்கப் போய் மாட்டிக்கொண்ட கதை

லினக்ஸில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன சி நிரலை விண்டோஸுக்காக மின்ஜிடபிள்யூ கம்பைலரில் (சி நிரலை விண்டோஸில் ஓடும்படி மாற்றித் தருவது) போட்டேன், கோப்புறை உருவாக்கும் எம்கேடிர் ஃபங்ஷன் வரியிலேயே ஆர்குமென்ட் (ஃபங்ஷனுக்குத் தரும் மதிப்பு) அதிகம் என்று நின்றுவிட்டது. லினக்ஸில் அதற்குப் பாதையோடு 0755 மாதிரி அனுமதி எண்ணும் தரவேண்டும், விண்டோஸில் பாதை மட்டும்தான். அவசரத்தில் இரண்டாவதை அழித்தேன், இப்போது லினக்ஸில் ஆர்குமென்ட் போதாது என்று திட்டு!

சரி என்று சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் இஃப்டெஃப் (ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று கம்பைல் செய்யும்போதே பார்க்கும் வரி) வைத்து, விண்டோஸுக்கான அடையாளமான அண்டர்ஸ்கோர் வின்32 மேக்ரோ இருந்தால் டைரக்ட் ஹெடரில் உள்ள அண்டர்ஸ்கோர் எம்கேடிர், இல்லையென்றால் பழையது என்று பிரித்துவிட்டேன். (பெயரில் 32 இருந்தாலும் 64 பிட்டிலும் அந்த மேக்ரோ உண்டு, அதைத் தெரியாமல் கொஞ்ச நேரம் குழம்பினேன்.) கோப்புறை ஏற்கெனவே இருந்தால் இரண்டிலும் பிழை எண் வைக்கும் எர்நோவில், 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பொருள்படும் ஈஎக்ஸிஸ்ட்தான் வரும், அதைப் பிழையாக எடுக்கவில்லை.

அப்புறம் 'படங்கள்' என்று தமிழில் பெயர் கொடுத்தேன், விண்டோஸில் கிறுக்கல் எழுத்தாக வந்து நின்றது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருந்த பெயரை மல்டிபைட்-டு-வைட்சார் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் வழியாக அகல எழுத்துகளாக மாற்றி, அவற்றை ஏற்கும் அண்டர்ஸ்கோர் டபிள்யூஎம்கேடிருக்குக் கொடுத்த பிறகுதான் பெயர் பெயராகத் தெரிந்தது.