பேத்தியின் முதல் டைரி

மளிகைக் கடையில் கொடுத்த புத்தாண்டு டைரியை இரண்டாம் வகுப்பு படிக்கும் பேத்தியிடம் கொடுத்தேன். குதியாட்டம்தான்! முதல் வேலையாகப் பத்துப் பக்கங்களில் தன் பெயரை எழுதினாள். அப்புறம், "இன்னிக்கு இட்லி. சட்னி காரம்." அன்றைய டைரி முடிந்தது.

நான்கு நாள் ஊருக்குப் போய் வந்ததும் வெற்றுப் பக்கங்களைப் பார்த்து முகம் வாடிவிட்டது. தேதி அச்சிட்ட டைரியில் இதுதான் தொல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கோடு போட்ட சாதாரண நோட்டே போதும். எழுதுகிற அன்று தேதியை அவர்களே போட்டுக்கொள்ளட்டும். ஜெல் பேனா மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறும், பென்சில்தான் சரி.

எழுத வராத நாளில் படம் வரையலாம், பஸ் டிக்கெட்டை ஒட்டலாம். இலை, பூ ஒட்ட ஆசைப்பட்டால் ஒரு வாரம் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கிக் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பக்கம் பூசணம் பிடிக்கும்.

'ர', 'ற' மாறியிருந்தால் திருத்த வேண்டாம். அவள் கேட்காமல் திறந்து படிக்கவும் வேண்டாம். நான் ஒருமுறை படித்து மாட்டிக்கொண்டேன், மறுநாள் டைரியில், "தாத்தா திருடன்."